கதவைத் தட்டிய மூவர்

சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை மிகப் பழையது. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் புறப்பட்ட ரயில் வாலாஜா ரோடு வரை போயிற்று. தென்னாட்டில் ஓடிய முதல் பயணி ரயில் அதுதான். அந்தப் பாதையில் திருவள்ளூரைத் தாண்டினால் திருவாலங்காடு வரும். காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலம். இரத்தின சபை உள்ள ஊர். இன்னும் மேற்கே போனால் அரக்கோணம். அதையும் தாண்டினால் ராணிப்பேட்டைச் சீமை. அப்புறம் வேலூர்.

இன்று திருவாலங்காடு திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1911-ம் ஆண்டு வரை அது வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. வேலூரும் அதே ஜில்லாதான். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே மாதிரிதான் பிள்ளை பெற்றார்கள். ஒரே மாதிரிதான் செத்தார்கள்.

வீட்டின் ஒரு மூலையில், காற்று வராத இருட்டு அறையில் பிரசவம் நடக்கும். தீட்டு என்பதால் பழந்துணியும் கிழிந்த பாயும்தான் கிடைக்கும். தொப்புள்கொடியை அறுக்க, அரிவாளோ கத்தியோ, கையில் அகப்பட்டது எதுவோ அது. ஊர் மருத்துவச்சிக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனால் கையை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. தப்பிப் பிறந்த குழந்தைகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஓர் ஆண்டு நிறையும் முன்பே போய்விடும்.

இந்தக் கொடுமையை ஒரே இரவில் நேருக்கு நேர் கண்டு, தன் வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள் ஓர் இளம்பெண். அவள் பெயர் ஐடா ஸ்கடர். உலகம் முழுதும் பெயர் பெற்ற வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் அவர்தான்.

பஞ்சம் பார்த்த குழந்தை

1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தாள். பெற்றோர் அமெரிக்கர். தாத்தா ஜான் ஸ்கடர் ஒரு டாக்டர். 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் இந்த நாட்டிலேயே பாதிரிமார்களாகவும் டாக்டர்களாகவும் வேலை செய்தார்கள். ஐடாவின் தந்தையும் டாக்டர்தான். அவருக்கும் ஜான் என்றே பெயர். அண்ணன்மாருக்குப் பின் கடைசியாகப் பிறந்த செல்லப் பெண் ஐடா.

அவளுக்கு ஆறு வயது நடந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். பட்டினி கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்த கைகளில் ஐடாவின் சின்னக் கையும் ஒன்று. சில குழந்தைகளுக்கு அதை வாயில் வைக்கவும் தெம்பு இல்லை. ஊட்டிவிட வேண்டியிருந்தது. பஞ்சம் வந்தால் சாவு மட்டும் கூடுவதில்லை. அடுத்த ஆண்டு தொட்டில்களும் காலியாகக் கிடக்கும். உடம்பு வற்றிய தாய்க்குக் கரு நிற்காது. அந்த ஆண்டுகளில் தென்னாட்டில் அதுதான் நடந்தது.

அப்புறம் குடும்பம் அமெரிக்காவுக்குப் போயிற்று. ஐடா அங்கே வளர்ந்தாள், படித்தாள். இந்தியா என்றால் அவளுக்கு வெயிலும் நோயும் பட்டினிக் குழந்தைகளும்தான் நினைவுக்கு வந்தன. ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமா என்ன? தான் அமெரிக்காவிலேயே கலியாணம் செய்துகொண்டு சுகமாக இருக்கப் போவதாக ஐடா முடிவு கட்டியிருந்தாள்.

1890-ல் தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். தாயைக் கவனித்துக் கொள்ளக் கொஞ்ச காலம் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று ஐடா புறப்பட்டு வந்தாள்.

அந்த இரவு

திண்டிவனத்து வீட்டில் ஓர் இரவு ஐடா விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆள் அரவம் கேட்டது. ஒரு பிராமண வாலிபர் நின்றார். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண். பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஐடா உடனே வர வேண்டும் என்று கெஞ்சினார்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. தன் தந்தை பெரிய டாக்டர் என்றும், அவரை அழைத்துப் போகலாம் என்றும், தானும் துணைக்கு வருவதாகவும் சொன்னாள். வாலிபர் தலையை ஆட்டிவிட்டார். வேற்று ஆண்மகன் தன் மனைவி இருக்கும் அறைக்குள் காலடி வைப்பதா? அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து மறுபடி காலடி ஓசை. இவர் ஒரு முஸ்லிம். இவர் மனைவிக்கும் பிரசவத்தில் கஷ்டம். இவரும் ஐடாவைத்தான் கேட்டார். டாக்டர் வேண்டாம் என்றார். ஐடாவின் தந்தையே வந்து பேசிப் பார்த்தார். பயனில்லை.

மூன்றாவது முறையும் ஆள் வந்தது. இவரும் மேல்சாதி இந்து. அதே கதை. அதே பதில்.

ஐடா அன்று தூங்கவில்லை. விடியற்காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

மூன்று புருஷர்களும் மூன்று விதம். சாதி வேறு, மதம் வேறு. வழக்கம் மட்டும் ஒன்று. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. மனைவி மேல் பாசம் இல்லாதவர்கள் நள்ளிரவில் வெள்ளைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்களா? அவர்கள் கண் முன்னால் டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. வீடும் கூப்பிடு தூரம். ஆனால் அந்த டாக்டர் ஆணாக இருந்தார். அவ்வளவுதான்.

மருந்து இல்லாமல் சாவது ஒன்று. மருந்து இருந்தும் அதைத் தொட முடியாமல் சாவது இன்னொன்று. இந்த இரண்டாவது சாவை அன்றைய ஜனங்கள் விதி என்று நினைத்தார்கள். ஐடா அப்படி நினைக்கவில்லை. பெற்றோரிடம் போய், தான் அமெரிக்கா திரும்பி டாக்டருக்குப் படித்துவிட்டு வரப் போவதாகச் சொன்னாள்.

கோஷா ஆஸ்பத்திரி

இந்தக் குறை ஐடாவுக்கு மட்டும் தெரிந்தது அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டார்கள். அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-ல் சென்னையில் பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி வந்தது. திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரி என்று பழைய சென்னைவாசிகள் சொல்வது அதைத்தான். கோஷா என்றால் முக்காடு, திரை. திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக்கே அந்தப் பெயர்! இப்போது அது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

ஆனால் சென்னை எங்கே, திண்டிவனம் எங்கே? வேலூர் எங்கே, திருவாலங்காடு எங்கே? பட்டணத்து ஆஸ்பத்திரியால் பட்டிக்காட்டுப் பெண்ணுக்கு என்ன லாபம்?

வழக்கத்துக்கு அடிமையானவர்கள் நம் ஜனங்கள் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். பிணத்தை அறுத்துப் பரிசோதித்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்று 1847-ல் கண்டுபிடித்தார். மருந்து கலந்த நீரில் கையைக் கழுவச் செய்தார். சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் படித்த டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லை. தங்கள் கை அழுக்கு என்று ஒருவர் சொல்வதா என்று அவர்களுக்குக் கோபம். அதுவும் ஒரு வழக்கம்தானே!

பத்தடி அறை

ஐடா அமெரிக்காவில் கார்னல் சர்வகலாசாலையில் படித்து 1899-ல் டாக்டர் ஆனார். ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டுமே! நியூயார்க்கில் ஷெல் என்ற வயதான பாங்கு முதலாளி, காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு 1900-ல் ஐடா அம்மையார் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

தந்தையிடம் சில வருஷம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். தந்தை அந்த ஆண்டு மே மாதமே காலமாகிவிட்டார். ஐடா அம்மையார் அனுபவம் இல்லாத 29 வயது டாக்டராகத் தனியே நின்றார்.

பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. அதுதான் மருந்தகம், அதுதான் ஆஸ்பத்திரி. சலோமி என்னும் உள்ளூர்ப் பெண் உதவிக்கு வந்தார். முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றவர்களுக்குப் பெண் டாக்டர் என்றாலே நம்பிக்கை வரவில்லை. ஒரு பெண்ணுக்கு என்ன வைத்தியம் தெரியப் போகிறது என்று நினைத்தார்கள். ஒருவருக்குக் குணமானது. அவர் இன்னொருவரிடம் சொன்னார். கிணற்றடிப் பேச்சைவிட வேகமான தபால் எங்கே உண்டு? இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் வைத்தியம் செய்துகொண்டார்கள்.

1902-ல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐடா அம்மையார் திரையைக் கிழித்தெறியச் சொல்லித் தெருவில் பிரசங்கம் செய்யவில்லை. திரைக்குள் போகக்கூடிய டாக்டராகத் தாமே மாறினார். வழக்கம் வழக்கமாகவே இருந்தது. உயிர் மட்டும் தப்பியது. இதை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் குறை சொல்லலாம். பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணுக்கு ஊர் திருந்தும் வரை காத்திருக்க நேரம் ஏது?

நல்ல வழக்கமும் உண்டு

பழைய வழக்கம் எல்லாம் ஆளைக் கொல்வது என்று தள்ளிவிடுவதும் தவறு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோம். ஏழாம் மாதம் வளைகாப்பு, அப்புறம் ஓய்வு, வாய்க்குப் பிடித்த சோறு, பெற்றவளின் பரிவு. மாமியார் வீட்டில் குடம் சுமந்துகொண்டிருந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வைத்தியம்! ஆடி மாதம் புதுமணப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைப்பதற்கும் காரணம் சொல்வார்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாதாம். பிள்ளைக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் பால் கொடுப்பார்கள். அதனால் அடுத்த கரு தள்ளிப் போகும். தாயின் உடம்பு தேறும்.

மறுபக்கமும் உண்டு. பிறந்ததும் சுரக்கும் சீம்பால் ஆகாது என்று கறந்து கொட்டிவிட்டு, குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். நோயைத் தடுக்கும் சத்து எல்லாம் அந்தச் சீம்பாலில்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் பெண்ணுக்குக் கலியாணம். இடுப்பெலும்பு விரியுமுன் பிரசவம். திண்டிவனத்தில் இறந்த பிராமணப் பெண்ணைப் போல் எத்தனையோ பேர்! 1929-ல் சாரதா சட்டம் வந்துதான் பெண்ணின் கலியாண வயது 14 என்று ஆயிற்று. 1978-ல் அது 18 ஆக உயர்ந்தது.

1901-க்கும் 1911-க்கும் நடுவில் இந்தியர்களின் சராசரி ஆயுள் சுமார் 23 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடனே, எல்லாரும் 23 வயதில் செத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று பிறந்த அன்றே போய்விட்டது. இன்னொன்று அறுபது வயது வாழ்ந்தது. இருவருக்கும் சராசரி முப்பது! அதுதான் கணக்கு. அன்றைக்கும் கிழவர்கள் இருந்தார்கள். குழந்தைகள்தான் நிற்கவில்லை.

சாலை ஓர மரத்தடி

ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஐடா அம்மையார் 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதுவும் எளிதாக இல்லை. அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது கீழான வேலை என்பது அன்றைய எண்ணம். மானமுள்ள குடும்பத்துப் பெண் அந்த வேலைக்குப் போவாளா? முதலில் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தே பெண்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்புக்கு மரியாதை வர வெகு காலம் ஆயிற்று. 1946-ல் அது நர்சுகளுக்குப் பட்டம் கொடுக்கும் கல்லூரியாகவே உயர்ந்தது.

அதே 1909-ல் ஒரு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. பிரான்சு தேசத்தில் செய்த பியூஜோ கார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் வாரம் ஒருமுறை அதில் போவார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்த ஜனங்கள் முதலில் பேய் என்று ஓட்டம் பிடித்தார்களாம். பிறகு அந்த வண்டிக்காகவே காத்திருந்தார்கள். மரத்தடியில் வண்டி நிற்கும். மருந்துப் பெட்டி திறக்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, பல் பிடுங்குவது, எல்லாம் அங்கேயே நடக்கும்.

மரத்தடியில் சாதி பார்த்து வரிசை போட முடியாது. திரை கட்டவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த பெண்கள் சாலை ஓரத்துக்கு வந்தார்கள். அங்கே பழகிய முகத்தை நம்பி, பிறகு ஆஸ்பத்திரிக்கும் வந்தார்கள். இடித்துச் சொன்னால் அசையாத வழக்கம், பழகப் பழக இப்படித்தான் இளகிற்று.

மூன்று பேர் வருவார்களா?

ஐடா அம்மையாரின் பெரிய ஆசை வேறு. இந்த நாட்டுப் பெண்களே டாக்டராக வேண்டும். அதற்குப் பள்ளி வேண்டும். சர்க்கார் மருத்துவ இலாகாவின் பெரிய அதிகாரிக்கு இதில் நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள் மனுப் போட்டாலே அதிகம் என்று அவர் நினைத்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றிருந்தார், உண்மைதான். ஆனால் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மனுக்கள் மூன்று வரவில்லை. பல மடங்கு வந்து குவிந்தன! 1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். வாடகைக் கட்டடம். கொஞ்சம் எலும்புகள், ஒரு மைக்ராஸ்கோப். அதை வைத்துக்கொண்டு ஐடா அம்மையார் பாடம் சொன்னார்.

பள்ளி திறந்த சில வாரங்களில் விஷக் காய்ச்சல் வந்தது. உலகம் முழுதும் பரவிய அந்த இன்புளுயன்சாவில் இந்தியாவில் மட்டும் கோடிக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்தியாவின் ஜனத்தொகை கூடவே இல்லை. சற்றுக் குறைந்தே போயிற்று. ஜனத்தொகைக் கணக்கில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கிலும் ஏற்றமே.

நான்கு ஆண்டு கழித்து முதல் வகுப்புப் பெண்கள் பரீட்சை எழுதச் சென்னைக்குப் போனார்கள். பையன்களே பெரும்பாலும் தோற்றுப் போகும் பரீட்சை அது. பதினான்கு பெண்கள் எழுதினார்கள். பதினான்கு பேரும் தேறினார்கள்.

அந்தப் பெண்களில் ஒவ்வொருவரும் ஓர் ஊரின் வாசலைத் திறந்தார்கள். தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசும் டாக்டரம்மாக்கள். பத்தியம் என்றால் என்ன, தீட்டு என்றால் என்ன என்று அவர்களுக்குப் பிறந்த வீட்டிலேயே தெரியும். எதைச் சொன்னால் பாட்டி கேட்பாள், எதைச் சொன்னால் சீறுவாள் என்பதும் தெரியும். வெளிநாட்டு டாக்டருக்கு ஆயுள் முழுதும் பழகினாலும் அது வராது.

பிறப்பு எப்படிக் குறைந்தது?

சாவு குறைந்தது. பிறப்பு உடனே குறைந்ததா? இல்லை.

நிறையப் பிள்ளை பெறுவதற்குக் காரணம் இருந்தது. பெற்றது எல்லாம் நிற்காது. ஆறு பெற்றால்தான் மூன்றாவது மிஞ்சும். மிஞ்சியதில் ஓர் ஆண் இருந்தால்தான் வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஆள், கொள்ளி போட ஆள். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், பிறகு பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். குப்பையைக் கண்டு யமனும் விட்டுவிடுவானாம். அந்தப் பெயர்களில் எத்தனை தாய்மார்களின் கண்ணீர்! பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் வேறு பெயர். போதும்பொண்ணு என்று வைப்பார்கள். திருவாலங்காட்டை அடுத்த திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் பெண் குழந்தைக்கு வேண்டாம் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போன பெண்கள் நம் காலத்திலும் இருக்கிறார்கள்.

ஆகவே, குழந்தை நிற்கும் என்ற நம்பிக்கை வரும் வரை யார் சொன்னாலும் பிறப்பு குறையாது. அந்த நம்பிக்கை ஒரு தலைமுறையில் வருவதில்லை. தாய்க்கு ஐந்து பிறந்து ஐந்தும் நின்றதைப் பார்த்த மகள்தான், தனக்கு இரண்டு போதும் என்று துணிவாள். அதனால்தான் நடுவில் ஜனத்தொகை வெள்ளம் போல் பெருகியது. சாவு முந்திக்கொண்டு குறைந்தது, பிறப்பு பின்னால் மெல்ல வந்தது. 1952-ல் உலகத்திலேயே முதலாவதாக இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் கொண்டு வந்தது. சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் எழுந்தது. அப்படியும் 1971-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கு குழந்தைகள்.

பணம் வந்தால் பிள்ளை குறையும் என்பார்கள். அது முழு உண்மை அல்ல. பிரான்சில் 1800-ஐ ஒட்டியே பிறப்பு குறையத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகள் நிறைந்த பணக்கார இங்கிலாந்தில் 1870-க்குப் பிறகுதான் குறைந்தது. நம் நாட்டிலும் செழிப்பான பஞ்சாபை முந்திக்கொண்டு கேரளமும் தமிழ்நாடும் சிறு குடும்பத்துக்கு வந்தன. பெண் பள்ளிக்கூடம் போனாள். கலியாணம் தள்ளிப் போயிற்று. மதிய உணவு வந்தபின் பிள்ளைகள் வயலைவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். சிறு பிள்ளையும் சம்பாதிக்கும் என்ற கணக்கு மாறி, பிள்ளையைப் படிக்க வைக்கச் செலவு ஆகும் என்ற கணக்கு வந்தது. பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி மேடையில் பேசினார். வாய்விட்டுப் பேசக் கூசிய விஷயம் பொதுப் பேச்சாயிற்று. கிராமத்து நர்சம்மா வீடு வீடாக வந்தார். இத்தனையும் சேர்ந்துதான் மனம் மாறியது.

2019-21-ல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். இப்போது கவலை தலைகீழாகிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், திண்ணையில் கிழவர்கள் கூடுகிறார்கள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்லி இன்றும் கலியாணத்தில் வாழ்த்துகிறார்கள். பதினாறு என்றால் பிள்ளைகள் அல்ல, செல்வங்கள் என்று பக்கத்தில் ஒருவர் விளக்கமும் சொல்கிறார்!

மலைவீடு

ஐடா அம்மையார் கலியாணம் செய்துகொள்ளவில்லை. 1923-ல் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. 1928-ல் காந்தியடிகள் வந்து பார்த்தார். 1938-ல் ஒரு சோதனை. இனி மருத்துவப் பள்ளிகள் எல்லாம் பட்டக் கல்லூரிகளாக உயர வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று ஆயிற்று. வயதான காலத்திலும் ஐடா அம்மையார் மறுபடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் பணம் வரும் என்று சிலர் சொன்னார்கள். பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி ஆயிற்றே என்று ஆதரவாளர்களுக்குள் பெரிய சண்டை. கடைசியில் ஐடா அம்மையார் சம்மதித்தார். 1947-ல் ஆண்களும் படிக்க வந்தார்கள்.

அது எவ்வளவு பெரிய மாறுதல்! ஆண் டாக்டர் என்பதற்காக மூன்று பெண்கள் செத்தார்கள். அந்தச் சாவிலிருந்து பிறந்த கல்லூரியில் ஆண் டாக்டர்கள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்குள் ஜனங்கள் அதை ஏற்கத் துணிந்திருந்தார்கள். ஐம்பது வருஷம் ஆயிற்று.

பொறுப்பை ஐடா அம்மையார் இந்தியக் கைகளில் ஒப்படைத்தார். விசாகப்பட்டினத்துப் பெண்ணான டாக்டர் ஹில்டா லாசரஸ் நிலையத்தின் தலைவரானார். ஐடா அம்மையார் கொடைக்கானலில் மலைமேல் ஒரு வீட்டில் கடைசி நாட்களைக் கழித்தார். ஊரும் தெருவும் எழுதாமல், டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதமும் அவரிடம் வந்து சேர்ந்தது என்பார்கள். 1960-ம் ஆண்டு மே மாதம், 89-ம் வயதில் காலமானார். அதற்கு முந்தின மாதம் ஏப்ரல் 1-ந் தேதிதான் திருத்தணியும் அதைச் சேர்ந்த ஊர்களும் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்திருந்தன.

இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2020-ம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் குழந்தைகளுக்குப் பதின்மூன்று பேர்தான் ஓராண்டுக்குள் இறந்தார்கள். ஐடா அம்மையார் வந்த காலத்தில் அது ஏறத்தாழ இருநூறு. நாற்பது படுக்கைகளோடு அவர் முதலில் தொடங்கிய ஷெல் ஆஸ்பத்திரி வேலூரில் இன்னும் நிற்கிறது. இப்போது அங்கே கண் வைத்தியம் நடக்கிறது.